முன்னால் ஓடுபவரை ஏமாற்றும் கலை: ஹேஷ் ஓட்டத்துக்குத் தடம் போடுவது

“ஏம்பா, காட்டுக்குள்ள காயிதம் கட்டிக்கிட்டே போறியே, நேர்த்திக்கடனா?”

காஜாங் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பாட்டி ஒருவர் என்னிடம் கேட்டது இது. தோளில் காகித மூட்டை, இடுப்பில் பாராங் கத்தி, முழங்கால் வரை சேறு. அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். “இல்ல பாட்டி, சாயங்காலம் அறுபது பேரு இதப் பாத்துக்கிட்டே ஓடி வருவாங்க” என்றேன். “எதுக்கு?” என்றார். பதில் உடனே வரவில்லை. “சும்மாதான் பாட்டி” என்று சொல்லிவிட்டு அடுத்த கிளையில் காகிதத்தைச் செருகினேன்.

அந்தச் சும்மாவுக்குப் பெயர் ஹேஷ். மலேசியாவில் ஓடுகிறவர்களிடம் ஹேஷ் என்றால் போதும், புரிந்துவிடும். வாரம் ஒரு நாள் கூடி, காட்டிலும் தோட்டத்திலும் ஒருவர் முன்கூட்டியே போட்டு வைத்த தடத்தைத் தேடிக்கொண்டு ஓடும் குழு. தடம் போடுபவர் முயல். தேடி வருபவர்கள் வேட்டை நாய்கள். முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது, நேரம் குறிப்பவர் கிடையாது. ஓடி முடித்ததும் வட்டமாக நின்று பாட்டும் கிண்டலும். குடிப்பவருக்குப் பீர், குடிக்காதவருக்கு நூறு பிளஸ் என்கிற குளிர்பானம். நான் இரண்டாம் வகை.

இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்த விளையாட்டு இது. ஒரு பையன் காகிதத்தைக் கிழித்துப் போட்டுக்கொண்டே ஓடுவான், மற்றவர்கள் துரத்துவார்கள். ஆனால் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது கோலாலம்பூர். 1938இல் ஆல்பர்ட் ஸ்டீபன் இக்னேஷியஸ் கிஸ்பர்ட் என்ற கணக்காளரும் அவருடைய நண்பர்கள் சிலரும் தொடங்கினார்கள். அவர்கள் சாப்பிட்டுவந்தது சிலாங்கூர் கிளப்பைச் சேர்ந்த ஒரு விடுதியில். சாப்பாடு ருசியற்றுப் போனதால் அதற்கு அவர்கள் வைத்த கேலிப் பெயர் ஹேஷ் ஹவுஸ், மட்டமான சாப்பாட்டுக் கடை என்ற பொருளில். அந்தக் கேலிதான் ஹேஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் ஆனது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர்ச் சண்டையில் கிஸ்பர்ட் இறந்தார். போர் முடிந்த பிறகு மிஞ்சியவர்கள் மறுபடி ஓடினார்கள். 1950இல் சங்கத்தைப் பதிவு செய்தபோது எழுதிக் கொடுத்த நோக்கங்களில், வார இறுதியில் குடித்த மயக்கத்தைத் தெளிவிப்பதும், வயதான உறுப்பினர்களுக்கு ‘உங்களுக்கு நீங்கள் நினைக்கிற அளவுக்கு வயதாகவில்லை’ என்று புரியவைப்பதும் இருந்தன. அந்தத் தாய்க் குழு இன்றும் திங்கட்கிழமை மாலைகளில் ஓடுகிறது, ஆண்கள் மட்டும். ஆண் பெண் கலந்த குழுக்கள் பின்னால் வந்தன. இப்போது உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் குழுக்கள் உண்டு.

வரலாறு போதும். தடம் போடுவதற்கு வருவோம்.

கணக்கு ஒன்று

புதிதாக முயல் ஆகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. நல்ல அழகான பாதையாகத் தேடிப் பிடித்து, ஆரம்பம் முதல் முடிவு வரை விடாமல் காகிதம் போட்டுவிடுவார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போட்டேன். வேகமான ஆட்கள் நாற்பது நிமிடத்தில் வந்து குளித்து உடை மாற்றிவிட்டார்கள். வயதானவர்கள் டார்ச் வெளிச்சத்தில் வந்து சேர்ந்தபோது மீகூன் ஆறிப்போயிருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. அது ஹேஷ் இல்லை, வெறும் ஓட்டம்.

கணக்காகப் பார்த்தால் விஷயம் புரியும். முன்னால் ஓடுபவர் மணிக்கு 10 கிலோமீட்டர் போகிறார் என்று வையுங்கள். பின்னால் விறுவிறுவென்று நடப்பவர் மணிக்கு 5. காட்டுக்குள் இந்த வேகமெல்லாம் வராது, கணக்குக்காகச் சொல்கிறேன். ஒரு கிலோமீட்டருக்கு முன்னவருக்கு 6 நிமிடம், பின்னவருக்கு 12. ஆக ஒவ்வொரு கிலோமீட்டரிலும் இருவருக்கும் இடையே 6 நிமிடம் பிளவு விழுகிறது. 6 கிலோமீட்டர்த் தடத்தில் 36 நிமிடம். முயலின் வேலை இந்த 36 நிமிடத்தை விழுங்குவது. அதுவும் மெதுவாக வருபவரைத் தொடாமல், வேகமாக ஓடுபவரிடமிருந்து மட்டும் திருட வேண்டும்.

அதற்குரிய கருவிதான் செக்.

செக் என்பது என்ன

தொடர்ந்து வந்த காகிதம் ஓரிடத்தில் நின்றுபோகும். நின்ற இடம் தெரிய ஒரு அடையாளம் இருக்கும். தரையில் ஒரு வட்டம், அல்லது காகிதக் குவியல். அங்கிருந்து எந்தப் பக்கம் போவது என்று யாருக்கும் தெரியாது. தடம் நூறு இருநூறு மீட்டர் தள்ளி எங்கோ மறுபடி தொடங்குகிறது. முன்னால் வந்தவர்கள் நாலா பக்கமும் சிதறித் தேட வேண்டும். பின்னால் வருபவர்கள் “ஆர் யூ?” என்று கத்துவார்கள். இன்னும் கிடைக்கவில்லை என்றால் “செக்கிங்!” என்று பதில் வரும். காகிதத்தைக் கண்டவர் “ஆன் ஆன்!” என்று கூவியதும் எல்லாரும் அந்தக் குரலை நோக்கித் திரும்புவார்கள். இதற்குள் மெதுவாக நடந்து வந்தவர் செக்கை எட்டியிருப்பார். மூச்சு வாங்க நிற்கும் இளைஞரைப் பார்த்து, “என்ன தம்பி, இன்னும் இங்கயா?” என்று கேட்டுவிட்டு நிதானமாகப் போவார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் இன்பத்துக்காகவே வாராவாரம் வருகிற அறுபது வயதுக்காரர்களை எனக்குத் தெரியும்.

மேலே போட்ட கணக்கின்படி, கிலோமீட்டருக்கு ஒரு செக், ஒவ்வொன்றும் முன்னவரிடம் 6 நிமிடம் பிடுங்கினால் கூட்டம் பிரியாது. 6 கிலோமீட்டருக்கு 5 செக். கடைசிக் கிலோமீட்டரில் செக் வைப்பதில்லை. அங்கே ‘வீட்டை நோக்கி’ என்று காட்டும் அடையாளத்தைப் போட்டு விட்டுவிடுவோம். வேகக்காரர் அந்த ஒரு கிலோமீட்டரிலாவது ஆசை தீர ஓடட்டுமே.

6 நிமிடம் பிடுங்குவது எப்படி என்பதில்தான் கலை. ஒரே ஒரு பாதை மட்டும் இருக்கிற இடத்தில் செக் வைத்தால் அரை நிமிடத்தில் உடைந்துவிடும். நாலா பக்கமும் முள்ளும் லாலாங் புல்லுமாக இருக்கும் இடத்தில் வைத்தால் அரை மணி நேரம் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், முயலின் குடும்பத்தையே திட்டுவார்கள். மூன்று நான்கு வழிகள் பிரியும் முச்சந்தி நல்ல இடம். ஓடையைக் கடந்து ஏறும் கரை நல்ல இடம். மலைமேட்டில் இரு பக்கமும் சரியும் கழுத்துப்பகுதி ரொம்ப நல்ல இடம், ஏனென்றால் தவறான பக்கம் இறங்கியவர் மறுபடி ஏறி வந்தாக வேண்டும்.

எனக்குப் பிடித்தது பின்வாங்கல் செக். ஓடுகிறவனுக்கு முன்னால் பார்த்தே பழக்கம். செக்கை எட்டியதும் அவன் கால் தானாக முன்னோக்கித்தான் போகும், இறக்கம் இருந்தால் இறக்கத்தில் போகும், அகலமான பாதை இருந்தால் அதில் போகும். ஆகவே செக்குக்கு எண்பது மீட்டர் முன்பே, வந்த பாதையிலிருந்து இடது பக்கம் ஒரு சின்ன ஒற்றையடிப் பாதையை உள்ளே தள்ளி, ஒரு செம்பனை மரத்துக்குப் பின்னால் தடத்தைத் தொடங்கி வையுங்கள். முன்னால் போன பத்துப் பேரும் அடுத்த குன்று வரை ஓடித் தேடிக்கொண்டிருப்பார்கள். பின்னால் வருகிற நடைக்காரர் ஒதுங்கப் போன இடத்தில் காகிதத்தைக் காண்பார். அவர் “ஆன் ஆன்!” என்று போடும் சத்தத்தில் காடே சிரிக்கும். ஒரு தடத்தில் இது ஒரு முறைதான் செல்லும். இரண்டாவது தடவை எல்லாரும் பின்னால்தான் முதலில் தேடுவார்கள்.

பொய்த்தடம் என்று இன்னொன்று உண்டு. செக்கிலிருந்து ஒரு பக்கம் காகிதம் போகும். ஐந்தாறு துண்டு போட்டு ஆசை காட்டிவிட்டு நின்றுவிடும். இருநூறு மீட்டர் போய்த் திரும்பினால் நானூறு மீட்டர், வேகக்காரருக்கே இரண்டரை நிமிடத்துக்கு நெருங்குகிறது. இதை அளவோடு பயன்படுத்த வேண்டும். பொய்த்தடத்தை மலை உச்சிக்கு ஏற்றிவிட்டு நிறுத்துகிற முயல்களும் இருக்கிறார்கள். அது குறும்பு இல்லை, வன்மம்.

அடையாளங்கள் குழுவுக்குக் குழு மாறும். மாவு போடும் குழுக்களில் சிலவற்றில் மூன்று பொட்டு வரிசையாக இருந்தால்தான் உண்மைத் தடம். சிலவற்றில் குறுக்குக் கோடு பொய்த்தடத்தைக் குறிக்கும். அதனால் ஓட்டம் தொடங்கும் முன் முயல் எல்லாரையும் நிறுத்தி, தரையில் வரைந்து காட்டுவது வழக்கம். புதிதாக வந்தவர்கள் அந்த ஐந்து நிமிடம் கைப்பேசியைப் பார்க்காமல் இருந்தால் அவர்களுக்கே நல்லது.

பின்னாலிருந்து முன்னால்

தடத்தை எங்கே தொடங்குவது என்று யோசிப்பதற்கு முன் எப்போது முடிய வேண்டும் என்று யோசியுங்கள். கோலாலம்பூரில் ஆண்டு முழுக்கச் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30க்கும் இடையில் மறைகிறது. காட்டுக்குள் அதற்கு அரை மணி முன்பே இருட்டிவிடும். 6 மணிக்குக் கிளம்பும் கூட்டத்தில் மெதுவாக வருபவருக்கு 6 கிலோமீட்டருக்கு 72 நிமிடம். அதாவது 7.12. இது வழி சுத்தமாக இருந்தால். ஆகவே காட்டுப்பகுதியையெல்லாம் முதல் நாலு கிலோமீட்டரில் முடித்து, கடைசிப் பகுதியை லாரி போகும் தோட்டத்துச் செம்மண் பாதையில் விட வேண்டும். இருட்டினாலும் கால் இடறாது.

கார் நிறுத்தும் இடம்தான் தொடக்கமும் முடிவும். ஆகவே தடம் ஒரு வளையம். போகும் தடமும் திரும்பும் தடமும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் வரக்கூடாது. வந்தால், போகும்போதே திரும்புகிறவர்களின் சத்தம் கேட்டுக் குறுக்கே பாய்ந்துவிடுவார்கள். என் இரண்டாவது தடத்தில் பாதிக் கூட்டம் மூன்று கிலோமீட்டரில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். இடையில் ஒரு குன்றோ பள்ளமோ இருப்பது நல்லது. வேலியை நம்பாதீர்கள், ஹேஷர்கள் வேலியை மதித்ததாகச் சரித்திரம் இல்லை.

கூகுள் வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து உத்தேசமாக ஒரு வளையம் வரைந்துகொள்ளலாம். அதற்கப்புறம் கால்தான். ரெக்கி என்போம், போய்ப் பார்த்து வருவதை. குறைந்தது இரண்டு முறை போக வேண்டும். படத்தில் பாதையாகத் தெரிவது நேரில் போன மழைக்கு இடிந்த கரையாக இருக்கும். படத்தில் காடாகத் தெரிந்தது போன மாதம் வீட்டுமனைக்காக மொட்டையடிக்கப்பட்டிருக்கும். தோட்ட நிர்வாகத்திடமும் அப்போதே அனுமதி கேட்டுவிடுங்கள். வாய்வழி அனுமதி கொடுத்தவர் அன்று விடுப்பில் போய்விடுவது உலக வழக்கம், ஆகவே காவலாளியிடமும் ஒரு வார்த்தை.

காட்டின் குணம் தெரியாமல் தடம் போட முடியாது. இதில் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பால்மரக் காட்டில் நிரை நிரையாக மரம், அடியில் நிழல், தினமும் வெட்டுக்காரர்கள் நடந்து தேய்ந்த பாதை. எந்த நிரையிலும் நுழைந்து எந்தப் பக்கமும் ஓடலாம், காகிதமும் தூரத்திலிருந்தே தெரியும். ஹேஷ் பிறந்து வளர்ந்த நாளில் கோலாலம்பூரைச் சுற்றி அப்படிப்பட்ட காடுதான். வெள்ளைக்காரத் துரைமார் மாலையில் ஓடிய பாதைகளில் பெரும்பகுதி, நம் ஆட்கள் விடியற்காலையில் வாளியோடு நடந்து உண்டாக்கியவை. ஹேஷின் வரலாற்றைச் சொல்பவர்கள் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

செம்பனை அப்படியில்லை. ஒரு நிரை விட்டு ஒரு நிரையில்தான் நடக்கலாம். அடுத்ததில் வெட்டிய மட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள், மட்டை விளிம்பு முழுக்க முள். ஆகவே செம்பனையில் குறுக்கே திருப்ப வேண்டுமானால் மட்டைக் குவியலில் இடைவெளி எங்கே என்று ரெக்கியில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அறுபது பேரின் கெண்டைக்காலும் கிழியும்.

காகிதம்

தடம் போடுவது ஓட்டத்தன்று காலையிலோ மதியத்திலோ. முதல் நாளே போட்டால் இரவு மழை தின்றுவிடும். இருவராகப் போக வேண்டும். ஒருவர் பாராங்கால் வழி ஒதுக்குவார், மற்றவர் காகிதம் போடுவார். காகிதம் என்பது அலுவலகங்களில் மிஞ்சும் தாளை நீளவாக்கில் கிழித்தது. ஒரு சொல்: கிழிக்கும் முன் அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். யாரோ ஒருவரின் சம்பளப் பட்டியலைத் துண்டு துண்டாகப் படித்துக்கொண்டே ஒரு மலை ஏறியிருக்கிறேன்.

தரையில் எறிந்தால் காய்ந்த இலைக்குள் மறையும். கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒடித்த குச்சியின் பிளவில் செருக வேண்டும், அல்லது இலையில் ஓட்டை போட்டுக் கோக்க வேண்டும். ஒரு காகிதத்தடியில் நின்றால் அடுத்தது தெரிய வேண்டும், இதுதான் விதி. நேர்ப்பாதையில் இருபது முப்பது அடி இடைவெளி தாராளம். புதருக்குள் பத்தடிகூட அதிகம். திருப்பத்தில் இரண்டு மூன்று துண்டு கூடுதலாக. போட்டுவிட்டுப் பத்தடி நடந்து திரும்பிப் பாருங்கள். நமக்கு வழி தெரியும் என்பதால் எல்லாம் தெளிவாக இருப்பதுபோலவே தோன்றும். அதனால்தான் நான் துணை முயலை அடிக்கடி பின்னால் அனுப்பி, வழி தெரியாதவர்போல வரச் சொல்வேன்.

மழை மட்டும் எதிரி இல்லை. செம்பனைக்குள் மாடு மேய விடுகிற தோட்டங்கள் உண்டு. மதியம் இரண்டு மணிக்கு அழகாகப் போட்ட நானூறு மீட்டர்த் தடத்தை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தேன், ஒரு துண்டு இல்லை. நாலு மாடு நின்று என்னைப் பார்த்து அசை போட்டுக்கொண்டிருந்தன.

தார்ச்சாலையைக் கடக்கும் இடங்களிலும் ஊர்ப்பக்கமும் காகிதம் நிற்காது. அங்கே கோதுமை மாவு. ஒரு பிடி, ஒரு பொட்டு. கோலத்துக்கு வாங்கும் கல்மாவு மழை வரை கிடக்கும், ஆனால் அரிசிமாவுக் கோலத்தின் தருமம் அதற்குக் கிடையாது. கோதுமை மாவை எறும்பு எடுத்துப் போய்விடும், மறுநாள் இடம் சுத்தம்.

மாவில் வேறொரு சிக்கல் இருக்கிறது. தெரியாதவர் கண்ணுக்கு அது மாவு இல்லை. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இரண்டு ஹேஷர்கள் ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடத்தில் மாவுத் தடம் போட்டார்கள். யாரோ வெள்ளைத் தூளைப் பார்த்துக் கிருமி ஆயுதமோ என்று பயந்து காவல்துறையை அழைக்க, கடையையே காலி செய்து, தடம் போட்டவர்கள் மேல் வழக்கும் போட்டார்கள். நம் பக்கம் கிருமி பயம் வராது. எங்கள் குழுவின் புது முயல் ஒருவர் ஆலமரத்தடி முனியாண்டி கோயிலுக்குப் பக்கத்து முச்சந்தியில் பெரிதாக மாவு வட்டம் போட்டு நடுவில் குறுக்குக் கோடும் கிழித்துவிட்டார். அரை மணி நேரத்தில் பூசாரி உட்பட ஊரே கூடிவிட்டது, யார் யாருக்குச் செய்வினை வைத்தது என்று. எலுமிச்சம்பழம் இல்லாததுதான் எங்களைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து கோயில், சூராவ் (சிறு தொழுகைக்கூடம்), பள்ளிக்கூடம் பக்கம் மாவு போடுவதில்லை.

வராதவர் யார்

ரெக்கியில் பார்க்க வேண்டிய இன்னும் சில: குளவிக்கூடு, காட்டுப்பன்றிக்கு வைத்த கண்ணி, மின்வேலி, மேல்பக்கம் மழை பெய்தால் திடீரென ஏறும் ஓடை. தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், காலில் காயத்தோடு அதில் இறக்கிவிடாதீர்கள். இடி இடித்தால் ஓட்டத்தைத் தள்ளிப் போடுங்கள், யார் முகம் சுளித்தாலும் சரி. அட்டை கடிக்கும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

கிளம்பும் முன் எல்லார் பெயரையும் தாளில் எழுதி வாங்குகிறோம். கடைசி ஆளுக்குப் பின்னால் வழி தெரிந்த துணை முயல் நடந்து வருவார். தடத்தை விட்டு விலகி அடுத்த கிராமத்தில் ஏறி, யாருடைய மோட்டார் சைக்கிளிலோ தொற்றி வீட்டுக்கே போய்விட்ட ஒருவரை இரவு பத்து மணி வரை தேடியிருக்கிறோம். அவர் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆகவே வட்டத்தில் பாட்டுத் தொடங்கலாம், தடத்தைப் பற்றி ஆளுக்கொரு குறை சொல்லலாம், ஐந்தாவது செக் சுலபம் என்று முயலைக் கூப்பிட்டு நிறுத்தித் தண்டனையாக ஒரு குவளையைக் கொடுக்கலாம். ஆனால் அந்தத் தாளில் கடைசிப் பெயருக்கு நேராகக் கோடு விழும்வரை முயல் ஷூவைக் கழற்றுவதில்லை. ஷூவுக்குள் எத்தனை அட்டை என்று எண்ணுவது அதற்கப்புறம்.